இருபது நாளுக்கு ஒரு நாள்

(தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது லீவு. "சாதி ஒழிப்பைப் பற்றிப் பேச வந்தவன் லீவைப் பற்றிப் பேசறானே, இது தொழிற்சங்கக்காரங்க வேலையாச்சே" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். பேசி முடித்த பிறகு சண்டைக்கு வாங்க, வச்சுக்கலாம்.

நம்ம சனங்க லீவு கேட்கிற மொழியைக் கவனிச்சிருக்கீங்களா? "நாளைக்கு ஒரு நாள் விடுங்க சாமி." "ஊர்ல நோம்பிங்க, ரெண்டு நாள் பாத்து உடுங்க." "அம்மாவுக்கு முடியலீங்க, போயிட்டு ஓடியாந்தர்றனுங்க." விடுங்க, உடுங்க. கட்டி வைத்திருப்பவனிடம் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்கிற மொழி இது. பண்ணையத்துக்கு ஆள் இருந்த காலத்து மொழி. பண்ணாடியிடம் கேட்ட அதே சொல்லைத்தான் தறிப்பட்டறையிலும், கோழிப்பண்ணையிலும், நகராட்சி காண்ட்ராக்டரிடமும் கேட்கிறோம். அவனும் பண்ணாடி மாதிரியே ஒரு நாள் விடுகிறான், மறுநாள் மறுக்கிறான். விட்ட நாளுக்கும் கூலி கிடையாது.

அரசாங்க ஆபீசில் வேலை பார்ப்பவர் இப்படிக் கேட்பதில்லை. "ஈட்டிய விடுப்பு" என்று எழுதிக் கொடுக்கிறார். ஈட்டியது என்றால் சம்பாதித்தது. உழைத்துச் சேர்த்த சொத்து. அந்தச் சொத்து நமக்கும் உண்டா, உண்டென்றால் எவன் தின்றான் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வரலாறு. அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் எழுதியவராக, இட ஒதுக்கீடு வாங்கித் தந்தவராக மட்டுமே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1936இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1945இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்திச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தால் 10 நாள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1936இல் போட்ட உடன்படிக்கை கேட்டது ஆண்டுக்கு 6 வேலை நாள்தான். காலனி நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். 1946இல் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆனதும் அதே துறையின் வேலைதான்.

இதில் ஒரு குறையும் இருந்தது. அந்தப் 10 நாள் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆலைகளுக்கு மட்டும். பருவகால ஆலைகளுக்குக் கிடையாது. வேலை நேரத்திலும் அப்படித்தான்: மற்றவர்களுக்கு 48 என்றால் பருவகால ஆலைக்காரர்களுக்கு 50. பருவத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் யார்? நிலம் இல்லாதவன், சேரிக்காரன். ஆக, லீவு என்ற உரிமை பிறக்கும்போதே வாசலில் ஒரு கோடு போட்டுத்தான் பிறந்தது.

1948 தொழிற்சாலைச் சட்டம் பருவகால ஆலை, நிரந்தர ஆலை என்ற பிரிவினையை எடுத்தது. ஆனால் கோடு போகவில்லை, எண்ணாக மாறியது. அந்தச் சட்டத்தின் 79ஆவது பிரிவு சொன்னது இது: ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவனுக்கு, அடுத்த ஆண்டில், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. இடையில் வருகிற வார விடுமுறை, பண்டிகை விடுமுறை இந்தக் கணக்கில் கழியாது.

தம்பிகளே, பேனாவை எடுங்க. கணக்குப் போடுவோம்.

வாரம் 6 நாள் வேலை. ஆண்டுக்கு 312 நாள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள். கழித்தால் 303. இருபதால் வகுத்தால் 15 நாள் லீவு. ஆறு நாள் வாரத்தில் 15 நாள் என்பது இரண்டரை வாரம்.

வாரம் 5 நாள் வேலை. 260இல் 9 போனால் 251. வகுத்தால் பன்னிரண்டரைக்குச் சற்று மேல். அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாளாக எடுக்கச் சொல்கிறது சட்டம். 13 நாள். அதுவும் ஏறக்குறைய இரண்டரை வாரம்தான்.

இதுவரை நியாயம். வாரம் நீளமோ குட்டையோ, ஓய்வு இரண்டரை வாரம். மேலே போங்க.

வாரம் 4 நாள் வேலை. பண்டிகை போக ஆண்டுக்கு 200 நாள். இருபதுக்கு ஒன்று என்றால் 10 நாள் வரணும். 4 நாள் வாரத்தில் அது சரியாக இரண்டரை வாரம். ஆனால் 240 என்ற கோடு இருந்ததால் கிடைத்தது பூஜ்யம். 3 நாள் வேலைக்காரன் ஆண்டுக்கு 150 நாள் உழைக்கிறான். அவனுக்கும் பூஜ்யம். பாதிக்கூலிக்காரனுக்குப் பாதி லீவு என்றால் ஒத்துக்கலாம். பாதி உழைப்புக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த 150 நாளில் அவன் சம்பாதித்த ஏழு எட்டு நாள் எங்கே போனது? முதலாளி பாக்கெட்டுக்குப் போனது.

ஜெர்மனியில் விடுமுறைச் சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 6 நாள் வாரத்துக்கு 24 நாள். 5 நாள் வாரம் என்றால் 20. 3 நாள் வாரம் என்றால் 12. எண்ணிக்கை மாறுகிறது, அளவு மாறவில்லை. எல்லோருக்கும் 4 வாரம். இங்கிலாந்தில் 5.6 வாரம்: 5 நாள் வேலைக்காரருக்கு 28 நாள், 3 நாள் வேலைக்காரருக்கு 16.8 நாள். அங்கே ஓய்வை அளக்கிற கோல் வாரம். இங்கே அளக்கிற கோல், ஒரே முதலாளியின் மஸ்டர் ரோலில் பதிந்த நாள். அந்த மஸ்டர் ரோல் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வருவோம்.

சேகோ ஆலையை எடுத்துக்கங்க. கிழங்கு வரத்து இருக்கிற மாதங்களில்தான் ஆலை ஓடும். அப்போது ஞாயிறு, திங்கள் என்று கிடையாது. ஈரத்திலேயே நின்று நின்று கால் வெந்துபோகும். கிழங்கு நின்றதும், "கூப்பிடறப்போ வா" என்று சொல்லி அனுப்புவான். அந்த ஆளுக்கு 240 நாள் எந்த ஜென்மத்தில் வரும்?

விசைத்தறிக்கு வாங்க. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, எடப்பாடி, தாரமங்கலம். பட்டறையில் மீட்டருக்குக் கூலி. முன்பணம் வாங்கினவன் பட்டறை மாற முடியாது. நூல் விலை ஏறினால் வாரத்தில் நாலு நாள், மூணு நாள்தான் தறி ஓடும். மின்வெட்டு கடுமையாக இருந்த 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் "மின் விடுமுறை" என்று ஒரு சொல் வந்தது ஞாபகம் இருக்கும். கரண்டுக்கு விடுமுறை விட்டார்கள். தறிக்கும் விடுமுறை. தறி ஓட்டினவனுக்கு அது பட்டினி நாள். வாரத்தைச் சுருக்குகிறவன் முதலாளி, சந்தை, மின்வாரியம். சுருங்கிய வாரத்துக்கு லீவை இழக்கிறவன் தொழிலாளி. இதோடு இன்னொரு தந்திரம்: 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். உடனே அண்ணன் பேரில் ஒரு பட்டறை, தம்பி பேரில் ஒரு பட்டறை, மருமகள் பேரில் ஒரு பட்டறை. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர்.

லாரி. நாமக்கல், சங்ககிரி என்றால் நாடே சொல்லும் லாரி ஊர் என்று. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் வந்தது. அதிலும் 240, அதிலும் இருபதுக்கு ஒன்று. 5 தொழிலாளியோ அதற்கு மேலோ இருந்த கம்பெனிக்குத்தான் அது செல்லுபடியானது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டுகிற டிரைவர், கிளீனர் சட்டத்துக்கு வெளியே. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகிற ரிக் வண்டி வடநாட்டில் மாதக்கணக்கில் போர் போட்டுக்கொண்டு கிடக்கும். அதில் போகிற பையன்களுக்கு வாரம் என்பதே ஏழு நாளும் வேலைதான்.

கோழிப்பண்ணை. கோழி ஞாயிற்றுக்கிழமையும் முட்டை போடும், பொங்கலன்றும் முட்டை போடும். அதனால் பண்ணையிலேயே குடும்பத்தோடு குடியிருக்கிறவர்களுக்கும் ஞாயிறு இல்லை, பொங்கல் இல்லை. புருஷன் பேரில் சம்பளம், பெண்டாட்டி பிள்ளைகளின் உழைப்பு சும்மா. கணக்கிலேயே இல்லாத அந்தப் பெண் லீவு கேட்டால் யாரிடம் கேட்பாள்?

துப்புரவுப் பணி. அதில் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். கொங்குப் பக்கம் அருந்ததியர் தெருவில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காண்ட்ராக்டர் மாறுவான், ஆள் மாறுவதில்லை. அதே துடைப்பம், அதே வார்டு, அதே அக்கா. ஆனால் ஏட்டில் புது ஆள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழில் நிறுவனத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. நல்ல சட்டம்தான். அதற்குப் பிறகு நாட்டில் பிரேக் போடுகிற கலை நன்றாக வளர்ந்தது.

காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலிக்கு, இந்த லீவு கணக்கே கிடையாது. 240ம் இல்லை, இருபதும் இல்லை.

இப்போது சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசு அலுவலகங்களில் 1985இல் 5 நாள் வாரம் வந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 6 நாள், லீவு 15. பண்ணையிலும் ரிக்கிலும் இருப்பவனுக்கு வாரம் 7 நாள், லீவு பூஜ்யம். வாரம் நீள நீள லீவு குறைகிறது. அரசு ஊழியருக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போராடி வாங்கியது, நம்ம பிள்ளைகளும் இட ஒதுக்கீட்டில் அங்கே போய் அனுபவிக்கிறார்கள். நான் கேட்பது வேறு. அதிகம் உழைக்கிற உடம்புக்கு அதிகம் ஓய்வு என்பது இயற்கை. இங்கே தலைகீழாக இருக்கிறதே, அந்தத் தலைகீழ் ஏணியின் படிகளை யார் வரிசைப்படுத்தியது? சாதிதான். சில உடம்புகளுக்கு ஓய்வு தேவை, சில உடம்புகள் உழைக்கவே பிறந்தவை என்று மனு சொன்னதைத்தான் மஸ்டர் ரோலும் சொல்கிறது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருகிறேன்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று. "வாரம் 48 மணி நேரம் மாறாது, 4 நாள் வேலை, 3 நாள் ஓய்வு" என்று ஆசை காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மே 1ஆம் தேதி திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் நின்றால் உடம்பு என்னவாகும் என்பதை எல்லோரும் பேசினார்கள். லீவுக் கணக்கை யாரும் பேசவில்லை. அதே 48 மணி நேரத்தை 6 நாளில் செய்தால் 15 நாள் லீவு. 4 நாளில் செய்தால், அன்றைய 240 நாள் சட்டப்படி, ஒரு நாள்கூட இல்லை. மணி நேரம் மாறவில்லை. லீவு மட்டும் காணாமல் போயிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நாடு முழுக்க நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948 தொழிற்சாலைச் சட்டமும், 1961 மோட்டார் சட்டமும், பீடித் தொழிலாளர் சட்டமும் அதில் கரைந்துபோயின. லீவு இப்போது 2020ஆம் ஆண்டுத் தொகுப்பின் 32ஆவது பிரிவில் இருக்கிறது. இருபதுக்கு ஒன்று அப்படியே இருக்கிறது. 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இது நமக்கு லாபம், மறைக்க வேண்டாம். வாரம் 4 நாள் வேலை செய்கிறவர் உள்ளே வந்துவிட்டார். சேகோ ஆலையில் ஆறேழு மாதம் விடாமல் வேலை பார்ப்பவரும் வரலாம். வாரம் 3 நாள்காரர் இன்னும் வெளியேதான்.

ஆனால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிற வேலையும் நடந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடுகிற இடம் தொழிற்சாலை ஆவதற்கு 10 பேர் போதும் என்றிருந்தது, 20 ஆகிவிட்டது. லீவுப் பிரிவு "நிறுவனம்" என்ற சொல்லை வைத்திருக்கிறது, அதற்கு 10 பேர் வேண்டும். 15 பேர் இருக்கிற பட்டறைக்காரன் "நான் தொழிற்சாலையே இல்லை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். "தொழிற்சாலை இல்லாட்டி போகட்டும், 10 பேர் இருக்கிற நிறுவனம்தானே" என்று நாம் பதில் சொல்லத் தெரிந்திருக்கணும். லாரிக் கம்பெனிக்கோ 5 பேர் என்றிருந்தது 10 ஆகிவிட்டது. அங்கே வாசலை ஒடுக்கிவிட்டார்கள்.

இன்னும் மூன்று விஷயங்களை மனப்பாடம் பண்ணிக்கங்க.

ஒன்று. 180 நாள் நிறையாவிட்டாலும், வேலையை விட்டு நிறுத்தினால், அல்லது நாமே விட்டுப் போனால், அதுவரை உழைத்த நாளுக்கு இருபதுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக் காசாகத் தரணும். பழைய சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தரணும். சேகோ ஆலையில் 150 நாள் வேலை பார்த்த ஆளை நிறுத்தினால் ஏழரை நாள்; அரை நாள் முழு நாள் ஆகும்; 8 நாள் சம்பளம். இதுவரை எத்தனை பேர் வாங்கியிருக்கிறோம்?

இரண்டு. முறைப்படி லே-ஆஃப் கொடுத்த நாள், பெண்களின் பேறுகால விடுப்பு நாள், போன ஆண்டு லீவில் இருந்த நாள், இவையெல்லாம் அந்த 180இல் சேரும். அந்த நாட்களுக்குத் தனியாக லீவு சேராது, ஆனால் கோட்டைத் தாண்ட உதவும். "கூப்பிடறப்போ வா" என்று சொல்பவனிடம் கேளுங்க: "இது லே-ஆஃபுங்களா, வேலையை விட்டு நிறுத்தறீங்களா? எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுக்கமாட்டான். அதனால்தான் கேட்கணும், சாட்சிக்கு ரெண்டு பேரோடு போய்க் கேட்கணும்.

மூன்று. ஏடு. முதலாளி ஏட்டில் நம்ம நாள் இல்லை என்றால் நம்ம ஏட்டில் இருக்கணும். பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். தேதி, பட்டறை, ஷிப்டு, கூலி. எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதணும். மாணவத் தம்பிகளே, தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறீர்கள். வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்க: "இன்னிக்கு அப்பா எங்க வேலைக்குப் போனாரு, அம்மா எங்க போனாங்க?" அதை எழுத வையுங்க. ஒரு தெருவில் நாற்பது நோட்டு சேர்ந்தால் அது சாட்சியம்.

கடைசியாகக் கோரிக்கை. 180ஐ 120 ஆக்கு, 100 ஆக்கு என்று பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. கோடே வேண்டாம். முதல் இருபதாவது நாளிலிருந்தே ஒரு நாள் சேரணும். வாரம் எத்தனை நாள் வேலையோ அந்த அளவில் எல்லோருக்கும் ஒரே நீளத்து ஓய்வு. "பல முதலாளியிடம் மாறி மாறிப் போகிறவனுக்கு யார் கொடுப்பது" என்று கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 1969இல் மாத்தாடி தொழிலாளர் சட்டம் வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் இன்று ஒரு கடை, நாளை ஒரு கடை. கூலியோடு சேர்த்து ஒரு பங்கை முதலாளிகள் வாரியத்தில் கட்டுகிறார்கள். அதிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, சம்பளத்தோடு லீவு. நாள் கணக்கு முதலாளியோடு நிற்பதில்லை, தொழிலாளியோடு போகிறது. நம் மாநிலத்தில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு, படிப்புக்கு, சாவுக்கு உதவித்தொகை உண்டு. உயிரோடு இருக்கிறவன் ஒரு வாரம் படுத்து எழுந்திருக்கச் சம்பளம் இல்லை. தறிக்கும் சேகோவுக்கும் லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் காட்டு வேலைக்கும் மாத்தாடி மாதிரி ஒரு வாரியம் வேண்டும் என்று கேட்போம். முட்டைக்கு விலை நிர்ணயிக்க முடிகிறது, ஜவ்வரிசி விற்கச் சேலத்தில் 1981இலேயே சேகோசர்வ் வைக்க முடிந்தது. முட்டை பொறுக்குகிறவளுக்கு ஓய்வு நிர்ணயிக்க மட்டும் முடியாதா?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிரந்தரத் தொழிலாளியின் லீவைக் காப்பாற்ற நீங்கள் கேட்டில் நிற்கும்போது, அந்தக் கேட்டுக்கு வெளியே துடைப்பத்தோடு நிற்கிறவளையும் கணக்கில் சேருங்க. தலித் இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு ஆள் வரலை, மாநாட்டுக்கு ஆள் வரலை என்று சலித்துக்கொள்கிறோம். ஏழு நாளும் வேலைக்குப் போகிறவன் எந்த நாளில் வருவான்? படிக்க, கூடிப் பேச, பிள்ளையோடு உட்கார, அழுக்குப் போகக் குளித்துவிட்டுச் சும்மா இருக்க ஒரு மனுசனுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் இல்லாமல் இயக்கம் இல்லை. அதனால்தான் இது சாதி ஒழிப்புப் பிரச்சினை என்று சொல்கிறேன்.

நாளையிலிருந்து "விடுங்க சாமி" வேண்டாம். "எனக்கு இத்தனை நாள் சேர்ந்திருக்கு, எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பழகுவோம். ஒருத்தர் சொன்னால் வேலை போகும். பட்டறை முழுக்கச் சேர்ந்து, கையில் நோட்டோடு சொல்லணும். நோட்டை இன்றைக்கே தொடங்குங்க.

ஜெய்பீம்.